சிலிண்டரை எங்கே வைப்பது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

உலை மறுபடியும் பாதியில் படுத்துவிட்டது. கதவுக் கொக்கி ஒன்றை வளைக்கத் தொடங்கியிருந்தேன். இரும்பு நன்றாகப் பழுத்து, சரி, எடுத்து அடிக்கலாம் என்று குறட்டை நீட்டிய நேரத்தில் பர்னரின் இரைச்சல் இறங்கியது. சுடர் சோம்பலாகி மஞ்சளாகத் தவழ ஆரம்பித்தது. வெளியே போய்ப் பார்த்தால் சிலிண்டரின் பாதி உயரத்துக்கு வெள்ளையாக உறைபனி. விரலால் கோடு போட்டால் கோடு நிற்கிறது. உள்ளே கேஸ் இருக்கிறது, தூக்கினால் கனம் தெரிகிறது. ஆனால் வெளியே வர மாட்டேன் என்கிறது.

வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பல் செய்கிறேன். மெழுகு, அச்சு, வார்ப்பு, மெருகு – எல்லாம் நகத்தளவு. ஒரு நாளாவது கை நிறைய எதையாவது செய்ய வேண்டும் என்றுதான் பின்பக்கம், இரண்டு படி இறங்கிப் போகும் கிடங்கு அறையில் இந்த உலையை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் இப்படிப் போனால் என்ன செய்வது? இருப்புக்கொள்ளவில்லை.

தம்பி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, இன்னைக்கும் படுத்துக்கிச்சா உன் யானை?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பல் செய்யும் லேப்பிலிருந்து திரும்பும் வழியில் கேஸ் கடையில் இறங்கினேன். கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். நான் ஒன்று கேட்டால் நான்கு சொல்கிறார், நான்கின் முடிவிலும் ஏதோ ஒன்றை விற்கிறார்.

"சின்ன சிலிண்டர்ல அவ்வளவு வேகமா இழுத்தா உறையத்தான் செய்யும் மேடம். உள்ள இருக்கிறது திரவம். ஆவியாகணும்னா சூடு வேணும், அந்தச் சூட்டைத் தன் உடம்புல இருந்தே எடுத்துக்குது. பெருசு எடுத்துக்கங்க. இல்லன்னா சின்னது ரெண்டைச் சேர்த்துப் போடலாம். ஆனா பெருசு ஒண்ணு இருந்தா இணைப்பு கம்மி, கவலையும் கம்மி."

வீட்டுச் சமையல் ரெகுலேட்டர் உலைக்கு ஆகாது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் வேண்டும், கேஸுக்கென்றே வரும் ஹோஸ் வேண்டும் என்றார். இரண்டையும், கூடவே மரையில் சுற்றும் வெள்ளை டேப் ஒன்றையும் வாங்கினேன். சிலிண்டரை எங்கே வைப்பது என்று கேட்டேன். "வெளிய, நிமிர்த்தி. ஜன்னல், சாக்கடை ரெண்டுக்கும் தள்ளி. பள்ளத்துல மட்டும் வேண்டாம் மேடம். கசிஞ்சா தண்ணி மாதிரி கீழ போய்த் தேங்கும்."

சொல்வது சுலபம். பின்முற்றத்தில், இப்போது வைத்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே தம்பி படுக்கையறை ஜன்னல். பக்கவாட்டில் சாக்கடை. மிச்சம் இருப்பது முன்பக்கம், கேட் பக்கத்து மூலை. அங்கே தம்பியின் கார் குடியிருக்கிறது. அந்தக் காரைத் தள்ளி நிறுத்தச் சொல்வதைவிட அவனையே வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிடலாம்.

பெரிய சிலிண்டர் என்ற பேச்சை எடுத்ததுமே, "வீட்டுக்குக் குண்டு வைக்கப் போறியாக்கா?" என்றான். அதோடு விட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைக்கலாம் என்று லேப்பில் ஒருவர் யோசனை சொன்னார். அந்த அளவுக்கு இன்னும் புத்தி கெட்டுப்போகவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலிருந்து மழை. வெளியே குளிர்ந்து கிடந்தால் இன்னும் சீக்கிரம் உறையும் என்று சிலிண்டரைத் தூக்கிக் கிடங்கு அறைக்குள் கொண்டுவந்துவிட்டேன். மழை நிற்கும் வரைதான். புது ரெகுலேட்டர், புது ஹோஸ் மாட்டினேன். மரை தெரிந்த இடத்திலெல்லாம் வெள்ளை டேப்பை வஞ்சனையில்லாமல் சுற்றி இறுக்கினேன்.

உலை இன்று பாடியது. சத்தம் இறங்கவே இல்லை. அறையின் சூடு சிலிண்டருக்கும் சேர்ந்து போகிறது போல. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை?

மாட்டி முடித்ததும் குனிந்து ஒவ்வொரு இணைப்பிலும் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழுந்து நின்ற பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. பழக்க தோஷம். போன வருடக் காய்ச்சலோடு என் மூக்கு போய்விட்டதே. அன்றிலிருந்து பூவும் ஒன்றுதான், பினாயிலும் ஒன்றுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. தம்பிக்குத் தெரிந்தால் அன்றைக்கே உலையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவான். தானாக வந்துவிடும் என்றார் டாக்டர். வரும்.

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தம்பி மனைவிக்கு ஐந்தாம் மாதம். மூக்கு என்றால் மூக்கு, அப்படி ஒரு மூக்கு. நான் எந்தச் சோப்புப் போட்டுக் குளித்தேன் என்று கூடத்தில் உட்கார்ந்தபடி சொல்கிறாள். பக்கத்து வீட்டில் அடுப்பில் எது தீய்ந்தது என்று சொல்கிறாள். மோப்பக்காரி என்று பெயர் வைத்தேன். முதல் நாள் சிரித்தாள்.

இன்று சாப்பிட உட்கார்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. உங்க மேல இரும்பு வாடை." நான் இரண்டு முறை குளித்திருந்தேன்.

பொறாமையாக இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அதுதான் உண்மை. எனக்கு அடியோடு இல்லாதது அவளுக்கு இரண்டு பங்கு. அதை வைத்துக்கொண்டு அவள் வாந்தி எடுக்கிறாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். கிடங்கு ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு வேலை செய்தேன். கொக்கி முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. சிலிண்டர் உள்ளேயேதான் இருக்கிறது. வெளியே தூக்கிப் போக மனம் வரவில்லை. பர்னருக்குக் கேஸ் விடும் மேசைக் குழாயை மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ராணி மாதிரி மேலே வந்தேன். சோப்புத் தண்ணீர் மறந்துபோனது.

ஆகஸ்ட் 20, புதன்

துவைக்கிற அறை கிடங்குக்குப் பக்கத்து அறை. அதுவும் பள்ளத்தில்தான், நடுவில் ஒரு கதவு. மோப்பக்காரி துணியை மெஷினில் போட்டுவிட்டு வந்து, "அங்க ஏதோ வாடை வருது அண்ணி. அழுகின மாதிரி. கேஸோ என்னமோ" என்றாள்.

தம்பி போய்ப் பார்த்தான். அவனுக்கு வருடம் முழுக்க ஜலதோஷம். "எனக்கொண்ணும் தெரியல. அக்கா, நீ பாரு."

போனேன். அறையின் நடுவில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து, சோதிப்பவள் போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினேன். "ஒண்ணும் இல்லை" என்றேன். "உனக்கு இப்ப எல்லாமே நாறும். துவைக்காத துணியா இருக்கும்."

வேறு என்ன சொல்வது? தெரியவில்லை என்றால் ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். அவள் முகம் சுருங்கிப்போனது. மாடிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அவளை டாக்டரிடம் அழைத்துப் போய் வந்தான் தம்பி. இந்த நேரத்தில் இல்லாத வாடையெல்லாம் வருவது சகஜம்தான் என்றாராம்.

இன்று அவள் எதைப் பற்றியும் புகார் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு துணி எடுக்கப் போனாள், வந்தாள். எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

சாரல் அடித்ததால் ஷட்டரைப் பாதிக்கு இறக்கியிருந்தேன். உலைக்கு முன்னால் நின்று லைட்டரைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்து அறையில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. படி மேல் அவள் குரல்.

"பத்த வைக்காதீங்க அண்ணி."

"ஏன்?"

"வாடை வருது."

"உனக்கு எப்பதான் வரல?"

அவள் ஒரு படி இறங்கி வந்து நின்றாள். வயிற்றில் கை. "என்னைப் பைத்தியம்னு நினைச்சுக்கங்க, பரவாயில்ல. நான் இங்கதான் நிப்பேன். பத்த வைக்கணும்னா என்னையும் நிக்க வச்சுப் பத்த வைங்க."

கோபம் வந்தது. சரி, இவளுக்கு ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம் என்றுதான் லைட்டரைக் கீழே வைத்தேன். அச்சுக் கலக்குகிற ரப்பர்க் கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, பிரஷ்ஷால் தடவினேன். பர்னர் பக்கம் ஒன்றும் இல்லை. மேசைக் குழாயில் ஒன்றும் இல்லை. "பாத்தியா?" என்று அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ரெகுலேட்டரில் ஹோஸ் சேரும் இடத்தில் தடவினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுரை வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், ஒரு குமிழி, அதன் மேல் இன்னொன்று, பக்கத்தில் இன்னொன்று. பர்னர் மூடியிருக்கிறதே, பிறகு இது எங்கிருந்து வருகிறது – சிலிண்டர் தலையில் இருக்கும் வால்வைத் தொட்டுப் பார்த்தேன். திறந்தே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திறந்தே இருந்திருக்கிறது. அதற்கு முந்தின வாரமும்.

சிலிண்டரை மூடினேன். அவள் மெஷினை நிறுத்தப் போகத் திரும்பினாள். "தொடாத. எந்த ஸ்விட்சையும் தொடாத. அப்படியே வெளிய போ." ஷட்டரை மேலே தள்ளிவிட்டு நானும் ஓடினேன். முன்வாசலில் தம்பி முகத்தில் பாதிச் சவரத்தோடு நின்றான். மீட்டர் பெட்டியில் மெயினை இறக்கச் சொல்லிக் கத்தினேன். இறக்கினான். உள்ளே மெஷின் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அந்தச் சத்தம் அடங்கும் வரை மூன்று பேரும் தெருவில் நின்று கேட்டோம்.

பிறகு தம்பி கேட்டான், "புதன்கிழமை நீ போய்ப் பாத்தியே அக்கா. உனக்கு வாடை வரலயா?"

"எனக்கு வாசனையே தெரியாதுடா." சொல்லிவிட்டேன். தெருவில் நின்று சொல்லிவிட்டேன்.

"எப்போல இருந்து?"

"போன வருஷக் காய்ச்சல்ல இருந்து."

தம்பி என்னவெல்லாமோ கத்தினான். ஒன்றும் காதில் விழவில்லை. அவள் மட்டும் கத்தவில்லை. கேட்டாள், "அப்ப நான் சமைச்சதெல்லாம் வாசனையா இருக்குன்னு தினமும் சொன்னீங்களே அண்ணி?"



ஆகஸ்ட் 25, திங்கள்

லேப்புக்கு லீவு. கேஸ் கடைக்காரர் வந்து எல்லாவற்றையும் கழற்றினார். ஹோஸ் முனையில் நான் சுற்றிய டேப்பை நகத்தால் உரித்தார். "இந்த இடத்துக்கு டேப் கூடாது மேடம். உலோகமும் உலோகமும் நேரா உக்காரணும். நடுவுல டேப் வந்தா உக்காராது. பாதிப் பேர் இதைத்தான் பண்றாங்க. அந்த டேப்பும் நான்தான் வித்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

டேப் சரி. அது தெரியாமல் செய்தது. சிலிண்டரை ஏன் மூடவில்லை? இதைத்தான் நேற்று முழுக்க மண்டையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். லேப்பில் எங்கள் மேசைக்குக் குழாயில் கேஸ் வருகிறது. வேலை முடிந்தால் மேசைக் குழாயை மூடுவோம், எழுந்து போவோம். பெரிய வால்வ் எங்கோ பின்னால், அதை மூட வேறு ஆள். இத்தனை வருடமாக அந்த ஆளை நம்பியே கை பழகிவிட்டது. இங்கே அந்த ஆள் நான்தான். அது என் கைக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தது, தேங்கிய கேஸ் வெளியே போயிருக்கும். நேற்று பாதி. அவள் மட்டும் வந்து நிற்காவிட்டால்… வேண்டாம், எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 27, புதன்

"உலை வேண்டாம்" என்றான் தம்பி. சரி என்றேன். அவள் தட்டை என் முன்னால் வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேசுவதில்லை. "நல்லா இருக்கு" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஒன்றும் செய்யாத ஞாயிறு. அலமாரியை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். கிடங்குக்குப் போய்ப் பட்டறைக்கல் மேல் உட்கார்ந்தேன். சுத்தியலை எடுத்துக் குளிர்ந்த இரும்பில் இரண்டு தட்டு தட்டினேன். மேலே ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

சாயங்காலம் மோப்பக்காரி என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"சாப்பாட்டு விஷயம் எனக்கு இன்னும் ஆறல அண்ணி. அதை முதல்ல சொல்லிடறேன்."

"சரிம்மா."

"ஆனா ஒண்ணு. டாக்டர் சிரிச்சாரு, இவரு சிரிச்சாரு. நீங்களும்தான். கடைசியில நுரை போட்டுப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

உன்னைத் தோற்கடிக்கத்தான் நுரை போட்டேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னேன். இனி இவளிடம் எதையும் மறைப்பதாக இல்லை.

"தெரியும்" என்றாள். "உங்க முகத்துலயே எழுதி இருந்துச்சு. உலையை எடுத்துடாதீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வீட்டுக்குள்ள சுத்தறது அந்த வாடையைவிட மோசம். சிலிண்டர் மட்டும் இந்தப் பள்ளத்துல இருக்கக் கூடாது. எங்க வைக்கலாம்?"

"இருக்கிறது ஒரே இடம். கார் நிக்கிற இடம்."

கொஞ்சம் யோசித்தாள். "அதை நான் பேசிக்கிறேன்."

செப்டம்பர் 6, சனி

பேசியிருக்கிறாள். தம்பி காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான், பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவன் மாதிரி.

செப்டம்பர் 13, சனி

நாள் முழுக்க வேலை. கேட் பக்கத்து மூலையில், மீட்டர் பெட்டிக்கு எதிர்ப்புறம், மேடான தரையில் பெரிய சிலிண்டர் ஒன்று. மேலே கூரை மட்டும், நான்கு பக்கமும் காற்று. சாய்ந்துவிடாமல் சுவரோடு சங்கிலி. அங்கிருந்து சுவர் ஓரமாக இரும்புக் குழாய். கிடங்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு வால்வ், உலைக்கு அருகில் இன்னொன்று. ஹோஸ் கடைசித் துண்டு மட்டும், சூடு படாத தூரத்தில். பெரிது என்றால் பயம் என்றிருந்த தம்பிக்குக் கடைக்காரர் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். சின்னதை அவசரப்படுத்தினால்தான் ஆட்கள் கோணல் வேலை செய்கிறார்களாம். என்னைப் பார்க்காமல் சொன்னார், நாகரிகமான மனிதர்.

கேஸ் கசிந்தால் கத்தும் கருவியையும் விற்றார். தம்பி அதை மேலே கூரை ஓரத்தில் மாட்டப் போனான். "கீழ, கீழ" என்று நானும் கடைக்காரரும் சேர்ந்து சொன்னோம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டினோம். துவைக்கிற அறையிலும் ஒன்று.

கார் தெருவில் மரத்தடியில் நிற்கிறது. அதற்குள் காக்கைகள் கையெழுத்துப் போட்டுவிட்டன.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஷட்டரை முழுதாகத் தூக்கினேன். எல்லா இணைப்புக்கும் நுரை வைத்தேன். எதிலும் அசைவில்லை. ஆனாலும் லைட்டரை எடுக்கக் கை வரவில்லை. வாசல் பக்கம் பார்த்தேன்.

அவள் வெளியே முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, படியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். "எண்ணெய். ஈரச் சுவர். உங்க இரும்பு. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பற்றவைத்தேன். சிலிண்டரில் உறைபனி இல்லை, சுடர் கடைசிவரை இறங்கவில்லை. முடித்ததும் கேட்டுக்கு நடந்துபோய் சிலிண்டரை முதலில் மூடினேன். குழாயில் மிச்சம் இருந்தது எரிந்து தீரும் வரை காத்திருந்து, பிறகுதான் மேசைக் குழாய். தம்பி சவரம் செய்த முகத்தோடு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். யானையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

சாப்பிடும்போது அவளே சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். "இன்னைக்கு கொஞ்சம் தீஞ்ச வாசனை. எலுமிச்சை பிழிஞ்சிருக்கேன், அது தனியா தெரியுது." கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன். சில சமயம் வருவது போலக்கூட இருக்கிறது. வரவில்லை. மூக்கு டாக்டரிடம் போனேன். இனி வருவது கஷ்டம் என்றார். லேப்பிலும் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 20, சனி

குழந்தைக்கு இன்றோடு பத்து நாள். பெண். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தூக்கியதும் முதல் வேலையாகத் தலையில் மூக்கை வைத்து இழுக்கிறார்கள், ஆகா என்கிறார்கள். நானும் வைத்து இழுத்தேன். ஆகா என்று சொல்லவில்லை.

மத்தியானம் மோப்பக்காரி தூங்கட்டும் என்று குழந்தையை வாங்கிக்கொண்டேன். தோளில் போட்டதும் அது தூங்கிவிட்டது. எனக்கோ கவலை. துணி நனைந்தால் கைக்குத் தெரியும், மற்றது எனக்கு எப்படித் தெரியும்? அவள் கண் விழித்ததும் கேட்டேன்.

"கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லும்மா. எனக்குத் தெரியல."

வந்தாள். குழந்தையின் கீழ்ப்பக்கம் முகர்ந்தாள். "சுத்தமா இருக்கா" என்றாள். "ஆனா என்னை ரொம்ப நம்பாதீங்க. இப்ப எனக்கும் எல்லாரையும் போல சாதா மூக்குதான். பக்கத்து வீட்டு அடுப்பெல்லாம் போச்சு."

"தலை எப்படி இருக்கு? எல்லாரும் ஆகாங்கறாங்க."

அவள் குனிந்து, என் தோளில் கிடந்த அந்தத் தலையில் மூக்கை வைத்தாள். அவசரப்படவில்லை.

"பால்" என்றாள். "அப்புறம் கொஞ்சம் இரும்பு. அது உங்ககிட்ட இருந்து ஒட்டினது."

"கழுவிட்டு வந்துதாம்மா தூக்கினேன்."

"இருக்கட்டும் அண்ணி. நல்லா இருக்கு."

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கீழே வந்தேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. தொட்டிலுக்குக் கொக்கி செய்ய வேண்டும், இரும்பு அறுத்து வைத்திருக்கிறேன். கேட்டுக்குப் போய் வால்வைத் திருகிப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.